ஓய்வுபெற்ற தம்பதிக்கு முதல் கப்பல் பயணம்: சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட்

எங்கள் வயதுக்காரர்கள் பலர் வெளிநாடு என்றால் பத்து நாளில் ஏழு ஊர் காட்டும் டூரில் சேர்ந்துவிடுகிறார்கள். தினமும் விடியற்காலையில் எழுந்து பெட்டி கட்டி, பஸ் ஏறி, இறங்கி, போட்டோ எடுத்து, மறுபடி ஏறி, வீடு திரும்பியதும் ஒரு வாரம் முட்டிவலி. நானும் என் வீட்டுக்காரரும் கப்பலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். ஒரு தடவை துணிமணியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டால் இறங்கும் நாள் வரை பெட்டியைத் தொட வேண்டாம், ஊர்கள் தானாக வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பெண்களுக்கு. கல்யாணமான நாளிலிருந்து "நாளைக்குக் காலையில் என்ன பண்ணலாம்" என்ற கேள்வி இல்லாமல் நான் தூங்கப்போன இரவுகள் கப்பலில் இருந்த இரவுகள்தான்.

ஆனால் முதலிலேயே ஒன்றைத் தெளிவாக முடிவு செய்துகொள்ளுங்கள். ஊர் பார்ப்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் விமானத்தில் போய் ஓட்டலில் தங்குங்கள், கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்பது சில மணி நேரம்தான். கப்பலில் இருப்பதற்காகவே போகிறோம், ஊர் பார்ப்பது கூடுதல் லாபம் என்று நினைப்பவர்களுக்குத்தான் இது சரிப்படும். கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

எந்தக் கப்பல், எந்த மாதம்

முதல் தடவைக்குச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சின்னப் பயணம் நல்லது. சென்னையிலிருந்து விமானத்தில் நாலு மணி நேரம்தான், எங்கே பார்த்தாலும் தமிழ் கேட்கும், ஏதாவது ஒன்று என்றால் ஆஸ்பத்திரி வசதி உண்டு. நான் உதாரணமாகச் சொல்லப்போவது கென்டிங் டிரீம். 2016-இல் ஜெர்மனியில் கட்டப்பட்டது, ஒன்றரை லட்சம் டன், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள். 2022 ஜூனிலிருந்து ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் இதைச் சிங்கப்பூரிலிருந்து ஓட்டுகிறது. இரண்டு, மூன்று இரவுப் பயணங்கள் உண்டு. இந்தியர்கள் நிறையப் பேர் ஏறுவதால் சைவம், ஜெயின் சாப்பாடு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பாதையை நான் சிபாரிசு செய்ய இன்னொரு காரணம் கடல். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாயா, நடுவில் இருக்கும் தண்ணீருக்குப் பெரிய அலை எழுப்ப இடமே இல்லை. பினாங்கு வரை பல நேரம் கப்பல் நகர்கிறதா என்றே சந்தேகம் வரும். புக்கெட் மட்டும் அந்தமான் கடலைப் பார்த்து இருக்கிறது, மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அங்கே அலை அதிகம். பெரிய கப்பல்கள் அங்கே பதோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகில்தான் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். அலை பலமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அன்றைக்குப் புக்கெட் கிடையாது. ஆகவே டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை பாருங்கள், பள்ளி விடுமுறையும் சீனப் புத்தாண்டு வாரமும் தவிர்த்து. ஓய்வு பெற்றவர்களுக்கு இருக்கும் பெரிய வசதியே இதுதான், எந்தக் கிழமையிலும் கிளம்பலாம். வார நடுவில் விலையும் குறைவு, லிஃப்டில் கூட்டமும் குறைவு.

விமானமே வேண்டாம் என்பவர்களுக்குக் கோர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் இருக்கிறது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குப் போக ஆரம்பித்தது. வருஷம் முழுக்கச் சென்னையில் இருக்காது, சீசன் பார்த்துத்தான் வரும். கப்பல் சிறியது, நடக்கும் தூரம் குறைவு. ஆனால் வங்காள விரிகுடா திறந்த கடல், மலாக்கா நீரிணை மாதிரி சாதுவாக இருக்காது.

கேபின்தான் முக்கியம்

செலவில் எதைக் குறைத்தாலும் கேபினில் குறைக்காதீர்கள். இளம் வயதுக்காரர்களுக்குக் கேபின் தூங்குவதற்கு மட்டும். நமக்கு மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் சாய வேண்டும், மாத்திரை போட வர வேண்டும், கால் வலித்தால் நீட்டி உட்கார வேண்டும். ஜன்னல் இல்லாத உள் கேபின் சுமார் 150 சதுர அடி இருக்கும், கதவைச் சாத்தினால் பகலா இரவா என்று தெரியாது. பால்கனி கேபினுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நல்ல தொகை கூடுதலாகும்தான், ஆனால் அந்தப் பணத்தைத் தனிக் கட்டண உணவகத்திலும் மதுபானப் பேக்கேஜிலும் போடுவதற்குப் பதில் பால்கனியில் போடுங்கள். காலையில் ஒரு காப்பியை எடுத்துக்கொண்டு நைட்டியோடு உட்கார்ந்து கடலைப் பார்க்க வேறு எந்த இடமும் கப்பலில் கிடையாது.

ஏஜென்ட் "கேரண்டி கேபின், விலை குறைவு" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் எந்த அறை என்று கப்பல்காரர்கள் முடிவு செய்வார்கள், மூக்கு நுனியிலும் கொடுக்கலாம், வால் நுனியிலும் கொடுக்கலாம். அறை எண்ணை நீங்களே தேர்ந்தெடுங்கள், அதற்குக் கப்பலின் தள வரைபடம் இணையத்தில் இருக்கும், பேரப்பிள்ளையைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியவை: கப்பலின் நடுப்பகுதியாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஆட்டம் அங்கேதான் குறைவு. முடிந்தவரை கீழ்த் தளம், அதுவும் அதே காரணம்தான். லிஃப்டிலிருந்து நாலைந்து கதவு தள்ளி இருக்க வேண்டும், லிஃப்டுக்கு எதிரே வேண்டாம், இரவு ஒரு மணி வரை சிரிப்புச் சத்தம் கேட்கும். அறைக்கு நேர் மேலே பஃபே கூடமோ நீச்சல்குளமோ இருக்கக் கூடாது, விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம் தலைக்கு மேல் கேட்கும். கீழே நாடக அரங்கமோ டிஸ்கோவோ இருக்கக் கூடாது. மேலும் கீழும் கேபின்களாகவே இருக்கிற தளம்தான் நிம்மதி.

குளியலறை வாசலில் ஒரு சிறு படி இருக்கும், இரவில் அதில்தான் கால் இடறும். ஒரு சின்ன பேட்டரி நைட் லாம்ப் எடுத்துப் போங்கள், அல்லது குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவை ஒருக்களித்து வையுங்கள். குளிக்கும் இடம் குறுகல், பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும். சக்கர நாற்காலி தேவைப்படுபவர்களுக்குப் படியில்லாத, அகலக் கதவுள்ள அறைகள் உண்டு, அவை மிகக் குறைவு, அதனால் அதைக் கேட்பவர்கள் மாதக்கணக்கில் முன்னாலேயே புக் செய்ய வேண்டும். கப்பலில் இருக்கும் சக்கர நாற்காலி பொதுவாக ஏறவும் இறங்கவும்தான், நாள் முழுக்கத் தர மாட்டார்கள். சொந்த நாற்காலி இருந்தால் கொண்டுபோங்கள். கட்டில் இரண்டாகப் பிரித்துப் போட வேண்டுமா சேர்த்துப் போட வேண்டுமா என்றும் முன்கூட்டியே சொல்லலாம், குறட்டை விடும் வீட்டில் இது பெரிய விஷயம்.

விலை கேட்கும்போது ஒரே கேள்வியாகக் கேளுங்கள்: துறைமுகக் கட்டணம், தினசரி டிப்ஸ், விசா, டிசிஎஸ் எல்லாம் சேர்ந்து கையிலிருந்து எவ்வளவு போகும்? விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் வெறும் கேபின் வாடகை, அதுவும் ஒரு ஆளுக்கு. டிசிஎஸ் என்பது வெளிநாட்டு டூருக்கு ஏஜென்ட் முன்கூட்டியே பிடிக்கும் வரி, அதை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அந்தச் சான்றிதழை ஏஜென்டிடம் மறக்காமல் வாங்குங்கள். பென்ஷனுக்கு வரியே வராதவர்கள்கூடத் தாக்கல் செய்தால் பணம் திரும்பி வரும்.

காகிதம், மாத்திரை

பாஸ்போர்ட் திரும்பி வரும் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும். சிங்கப்பூர் விசாவில் பலமுறை நுழைவு என்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கப்பல் கிளம்பினால் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு, திரும்பி வரும்போது மறுபடி உள்ளே நுழைகிறீர்கள். சிங்கப்பூரின் இணைய வருகை அட்டையையும் அதே காரணத்தால் இரண்டு தடவை நிரப்ப வேண்டும், விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது ஒன்று. அது இலவசம், பணம் கேட்கும் தளங்களில் நிரப்பாதீர்கள். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் விடுகிறது, அது காலக்கெடு உள்ள சலுகை. தாய்லாந்து விதியும் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்புகிற மாதத்தில் இரண்டையும் ஒரு தடவை சரிபாருங்கள்.

மாத்திரை விஷயத்தில் சிங்கப்பூர் கண்டிப்பானது. சர்க்கரை, பிபி, தைராய்டு மாத்திரைகளுக்குப் பிரச்சினை இல்லை, டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டுபோங்கள். தூக்க மாத்திரை, பதற்றத்துக்குப் போடும் மாத்திரை, கடுமையான வலி மாத்திரை இவற்றில் பலவற்றுக்கு அங்கேயுள்ள சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். நம் வயதில் நிறையப் பேர் இரவில் ஒன்று போட்டுக்கொண்டுதான் படுக்கிறோம், அதனால் மருந்தின் உட்பெயரை டாக்டரிடம் எழுதி வாங்கி ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். எல்லா மாத்திரையும் கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு போவார்கள், அது அறைக்கு வந்து சேர மாலை ஆகலாம். இன்சுலின் போடுபவர்கள் குளிர்பெட்டியும் பயன்படுத்திய ஊசியைப் போடும் டப்பாவும் வேண்டுமென்று முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

குமட்டலுக்கு அவோமின் போட்டால் தூக்கம் தள்ளும். கண்ணில் அழுத்த நோய், ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். லேசான குமட்டலுக்கு எனக்கு இஞ்சி மரப்பாவே போதும், திறந்த தளத்தில் தூரத்து அடிவானத்தைப் பார்த்தபடி நின்றாலும் அடங்கும்.

காப்பீடு இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். கப்பல் மருத்துவமனையில் கட்டணம் அதிகம், கையோடு கட்டிவிட்டுத்தான் பிறகு காப்பீட்டில் கேட்க முடியும். பாலிசி எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு எவ்வளவு வரை தருவார்கள், நோயாளியைக் கரைக்கு ஏற்றிச்செல்லும் செலவு அடங்குமா என்று இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஏறும் நாள்

கப்பல் கிளம்பும் நாளிலேயே விமானத்தில் போய் இறங்காதீர்கள். ஒரு நாள் முன்னால் போய் லிட்டில் இந்தியா பக்கம் தங்கி, சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, இட்லி சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து கிளம்புங்கள். மரீனா பே குரூஸ் சென்டருக்கு டாக்சியில் போவது பெட்டியோடு வசதி. மரீனா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் பக்கத்தில் இருந்தாலும் நடக்க வேண்டும். அவர்கள் கொடுத்த நேரத்துக்குப் போனால் வரிசை குறையும்.

இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், மெழுகுவர்த்தி, அகல் விளக்கு, ஊதுபத்தி எதையும் விட மாட்டார்கள். நெருப்புதான் கப்பலில் பெரிய பயம், அந்தக் கண்டிப்பு நம் நல்லதுக்குத்தான். பூஜை செய்பவர்கள் சின்னப் படமும் விபூதியும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவெட்டர், சால்வை, காலுறை கட்டாயம், ஏசி அவ்வளவு குளிரும், குறிப்பாக சோடியாக் என்ற பெரிய அரங்கத்தில்.

கிளம்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். ஏழு குட்டைச் சங்கு, ஒரு நீளச் சங்கு, அதுதான் அபாய ஒலி. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது, அன்றுதான் ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ பயிற்சி முடிய வேண்டும் என்று உலக விதியை மாற்றினார்கள். "வயசானவங்க, விட்டுடுவாங்க" என்று அறையில் படுத்துவிடாதீர்கள். உங்கள் கூடும் இடம் எது, அங்கே போகப் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று இரண்டு பேரும் ஒரு தடவை நடந்தே பார்த்துவிடுங்கள், ஆபத்து நேரத்தில் லிஃப்ட் கிடையாது.

கரை மறைவதற்குள் கைபேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் போன் தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் பில் பயங்கரமாக வரும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் பதறுவார்கள்.

சாப்பாடு. லிடோ என்ற பஃபே கூடத்தில் சோறு, பருப்பு, சப்பாத்தி, கறி, பழம் எல்லாம் இருக்கும், ஆனால் நம் வீட்டு ரசத்தைத் தேடாதீர்கள், மசாலா வடநாட்டுப் பக்கம் சாய்ந்திருக்கும். சீல் உடைக்காத பருப்புப்பொடி, ஊறுகாய் பாக்கெட் கையில் இருந்தால் சோற்றோடு சமாளிக்கலாம். ஃபில்டர் காப்பிப் பிரியர்கள் டிகாக்‌ஷன் பாக்கெட் எடுத்துப் போங்கள், பஃபேயில் சுடுதண்ணீரும் பாலும் கிடைக்கும். உள்ளே நுழையும்போதெல்லாம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வயிற்றுப்போக்கு ஒருவருக்கு வந்தால் கப்பலில் சீக்கிரம் பரவும். காலை எட்டரைக்குக் கூட்டம் அலைமோதும், நாம் எப்படியும் ஐந்தரைக்கே எழுந்துவிடுகிறோம், திறந்ததும் போய்விடுங்கள். நடைப்பயிற்சிக்கு எட்டாம் தளத்தின் வெளிவராந்தா நல்ல இடம், காலையில் ஆளே இருக்காது.

இரண்டு பேர், ஒரே அறை

இதை யாரும் எழுதுவதில்லை, ஆனால் ஓய்வு பெற்ற தம்பதிக்கு இதுதான் முக்கியம் என்பேன். வீட்டில் அவர் ஹாலில், நான் சமையலறையில் என்று இருந்து பழகியவர்கள் திடீரென்று நாள் முழுக்க ஒரே அறையில் இருந்தால் ஒரு நாளில் சலிப்பு வந்துவிடும். எல்லாவற்றையும் சேர்ந்தே செய்ய வேண்டும் என்று நினைக்காதீர்கள். இவருக்குச் சூரியன் உதிப்பதைப் பார்க்க மேல்தளம் போக வேண்டும், எனக்கு அந்த நேரத்தில் யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும். அவர் மத்தியானம் சீட்டு விளையாட ஆள் பிடித்துக்கொள்வார், நான் பால்கனியில் புத்தகம் வைத்துக்கொள்வேன். ராத்திரி சாப்பாடும் மேடை நிகழ்ச்சியும் மட்டும் சேர்ந்து. பகலில் தனித்தனியாக ஏதாவது பார்த்திருந்தால் சாப்பாட்டு மேசையில் பேச விஷயம் இருக்கும். நாங்கள் அப்படிப் பேசி ரொம்ப நாளாயிற்று என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

பிரிந்து போவதென்றால் ஒரு ஏற்பாடு வேண்டும், போன் வேலை செய்யாது. ஒரு இடமும் நேரமும் பேசி வையுங்கள், "மத்தியானம் பன்னிரண்டரைக்கு லிடோ வாசல்" என்று. அறைக் கதவின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டி, வெளியே போகிறவர் எங்கே போகிறார் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆளுக்கொரு அட்டை கழுத்தில் தொங்கட்டும். அதுதான் சாவி, அதுதான் பர்ஸ், அதுதான் கப்பலில் ஏறி இறங்கச் சீட்டு. அறை எண்ணை இரண்டு பேரும் மனப்பாடம் செய்ய வேண்டும், எல்லா நடையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கரையில்

பினாங்கில் டூர் எதுவும் வாங்க வேண்டாம். ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே இருக்கிறது, வெளியே வந்தால் 1902-இல் கட்டி முடித்த விக்டோரியா மணிக்கூண்டு, அடுத்து கார்ன்வாலிஸ் கோட்டை, அங்கிருந்து மெதுவாக நடந்தால் கால் மணி நேரத்தில் குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில். 1833-இல் எழும்பிய கோயில், பினாங்கிலேயே பழைய இந்துக் கோயில் அதுதான். சுற்றிலும் லிட்டில் இந்தியா, பூக்கடை, புடவைக்கடை, வாழையிலைச் சாப்பாடு, கடைக்காரர் தமிழில் கூப்பிடுவார். தமிழ் முஸ்லிம்கள் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் பக்கத்துத் தெருவில்தான். கடல் தாண்டி நம் ஆட்கள் எப்படி வேர் விட்டிருக்கிறார்கள் என்பதை இந்த நாலு தெருவில் பார்த்துவிடலாம், நான் பினாங்குக்காகவே இந்தப் பாதையைத் திரும்பவும் தேர்ந்தெடுப்பேன். வெயிலில் நடக்க முடியாவிட்டால் ஊருக்குள் சுற்றும் CAT என்ற இலவச பஸ் இருக்கிறது.

புக்கெட்டில் படகில் இறங்க வேண்டும். கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், சிப்பந்திகள் கையைப் பிடித்துத்தான் இறக்குவார்கள். புடவை வேண்டாம், சுடிதாரும் ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூவும் போடுங்கள். முட்டி மாற்று அறுவை செய்தவர்கள் யோசித்து முடிவு செய்யுங்கள். இறங்காவிட்டாலும் நஷ்டமில்லை, கப்பல் காலியாக இருக்கும் அந்த நாள்தான் நீச்சல்குளமும் லிஃப்டும் நம் கைக்கு வரும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால், கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே விட்டுவையுங்கள். திரும்ப வேண்டிய நேரம் என்று அறிவிப்பது கப்பல் நேரமா உள்ளூர் நேரமா என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள். நீங்களாகச் சுற்றப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, கப்பல் ஏற்பாடு செய்த டூர் தாமதமானால் காத்திருக்கும். முதல் தடவை வெளிநாட்டில் தனியாகச் சுற்றத் தயக்கமாக இருந்தால் புக்கெட்டுக்கு மட்டும் அந்த டூரை வாங்கலாம்.

கடைசி இரவு

வரவேற்பு மேசையில் கணக்குச் சீட்டைக் கேட்டு வாங்கி வரி வரியாகப் பாருங்கள், வாங்காத பொருளுக்குப் பில் இருந்தால் அன்று இரவே சொல்ல வேண்டும், காலையில் நீள வரிசை. பெரிய பெட்டியை இரவே கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், மறுநாள் போட வேண்டிய துணியும் மாத்திரையும் பாஸ்போர்ட்டும் பல்செட்டும் கைப்பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள். நம்மால் இழுக்க முடிகிற பெட்டி என்றால் வெளியே வைக்காமல் நாமே எடுத்துக்கொண்டு இறங்கலாம், சீக்கிரம் வெளியே வரலாம்.

அறையை முன்னதாகவே காலி செய்யச் சொல்லிவிட்டு இறங்கக் காத்திருக்க வைப்பார்கள், அதற்கு ஒரு சால்வையும் பிஸ்கட்டும் கையில் இருக்கட்டும். சென்னைக்குத் திரும்பும் விமானத்தை அன்றைக்கு ராத்திரிக்கு மேல் போடுங்கள், கப்பல் தாமதமானாலும் பதற்றம் இருக்காது. நடுவில் இருக்கும் நேரத்துக்குப் பெட்டியைச் சாங்கி விமான நிலையத்தின் பொருள் காப்பகத்தில் கட்டணம் கொடுத்து வைத்துவிட்டு ஜுவல் அருவி பார்க்கப் போகலாம், ஒரே கட்டிட வளாகம்தான், நடை குறைவு, உட்கார இடம் நிறைய.